பரீட்சையின் கடைசி உத்தரவு

போன மாதம் எங்கள் பழைய பயிற்சி நிலையத்திலிருந்து ஓர் இளம் பயிற்றுநர் தொலைபேசியில் அழைத்தார். பாடத்திட்டத்தை மாற்றுகிறார்களாம். கிரேன் ஓட்டுநர் பரீட்சையில் பாதியை இனிமேல் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே எழுதிவிடலாமாம். அதில் எனக்குப் புகார் இல்லை. திரையில் கவிழ்கிற கிரேனால் யாருடைய காலும் போகாது. அவர் கேட்டது வேறு.

"சேர், செய்முறைப் பரீட்சையில அந்தக் கடைசி உத்தரவு எதுக்கு? வாறவங்க எல்லாம் அது ஏமாத்து வேலைன்னு சொல்றாங்க. எடுத்துரலாமான்னு யோசிக்கிறோம்."

ஏமாற்று வேலைதான். அதற்காக என் மேலதிகாரியோடு முகத்துக்கு நேரே சண்டை போட்டவன் நான். ஆனால் எடுத்துவிடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் செல்வராஜின் கதையாக வருகிறது. வரட்டும்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தேன். பள்ளிக்கூடம் பிடிக்காமல் கொழும்புக்குப் போய், ஒப்பந்த வேலை எடுக்கும் ஒரு கொந்தராத்துக்காரரின் லொறியில் கிளீனராக ஏறி, பார்த்துப் பார்த்தே கிரேன் பழகினேன். இரண்டு முறை செத்துப் பிழைத்தேன். பிறகு ஊருக்குத் திரும்பி, பதுளையில் தொடங்கியிருந்த பயிற்சி நிலையத்தில் உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். நாங்கள் சொல்லிக்கொடுத்தது துறைமுகத்து ராட்சதக் கிரேன்களை அல்ல. லொறியின் முதுகில் பொருத்தியிருக்கும் சிறிய கிரேன். பூம் லொறி என்பார்கள். சீமெந்துக் குழாய், தண்ணீர்த் தாங்கி, தொழிற்சாலை இயந்திரம் என்று மலைநாட்டில் எது நகர்ந்தாலும் அதுதான் வரும். சின்னதுதானே என்று எல்லாருக்கும் ஓர் அலட்சியம். அந்த அலட்சியத்தில்தான் ஆள் சாகிறது.

நிலையத்தின் தலைமைப் பயிற்றுநர் ஜயசேன சேர். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, சத்தமே இல்லாத குரல். தமிழைப் பழகித்தான் பேசினார். அவருடைய தமிழில் எல்லாருக்கும் ஒரே மரியாதை, வாசலில் படுத்திருக்கும் நாயிடமும் "கொஞ்சம் தள்ளுங்க" என்பார். ஆனால் வேலையில் அவரைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் கண்டதில்லை. கிரேனின் கம்பிக் கயிற்றை ஒவ்வொரு நாள் காலையிலும் பஞ்சை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவச் சொல்வார். எங்கேயாவது ஓர் இழை அறுந்திருந்தால் பஞ்சு சிக்கிக்கொள்ளும். சிக்கினால் அன்றைக்கு வேலை இல்லை, பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது கால். தூக்கும்போது லொறி சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் இரும்புக் கால்களை வெளியே இழுத்து ஊன்றுவோம். அந்தக் காலுக்கு அடியில் பழைய ரயில் சிலிப்பர் கட்டையைப் போட வேண்டும். கட்டை போடுவதற்கு முன்னால் சேர் ஓர் இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திப் பார்ப்பார். தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்துத் தண்ணீர் வடியும் கான்கள் மண்ணுக்கடியில் மூடிக் கிடக்கும். மேலே பார்த்தால் பாறை மாதிரி இருக்கும், உள்ளே வெற்றுக் குழி. "பூமி நல்ல ஆள்தான், ஆனா உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்ல மாட்டாரு" என்பார். அதன் பிறகுதான் கிரேனில் ஒட்டியிருக்கும் அட்டவணை. பூமை எவ்வளவு தூரம் நீட்டினால் எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று அதில் இருக்கும். நீட்ட நீட்டத் தூக்கும் சக்தி குறையும். கடைசியில், பாரத்தை நாலு விரல் உயரத்துக்கு மட்டும் தூக்கி, அப்படியே நிறுத்தி, சுற்றிலும் பார்க்க வேண்டும். அந்தச் சில விநாடிகள் பொறுக்காதவனுக்கு அவர் சான்றிதழ் கொடுத்ததே இல்லை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கடைசி உத்தரவு. பரீட்சை முடிந்தது என்று ஆள் பெருமூச்சு விடும் நேரத்தில், இந்தச் சாதுவான மனிதர் திடீரென்று வேறு ஆளாகிவிடுவார். அட்டவணைக்கு மீறிய ஏதாவதொன்றை அதட்டிச் சொல்வார். ஒருவரிடம் பரீட்சைப் பாரமான சீமெந்துக் கட்டையோடு இன்னொன்றையும் சேர்த்துத் தூக்கச் சொல்வார், இன்னொருவரிடம் பூமை நீட்டச் சொல்வார், அல்லது வெளியாள் யாரையாவது கொண்டு சொல்லவைப்பார். ஒரே மாதிரி வராது. செய்தவன் தோல்வி.

செல்வராஜ் என்னைவிட நாலைந்து வயது இளையவன். அவன் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டான். பண்டாரவளையில் ஹனீபா முதலாளியின் இரும்புக் கடையில் பூம் லொறி ஓட்டினான். சான்றிதழ் இல்லாத கிரேனை உள்ளே விட மாட்டோம் என்று கம்பெனிகளும் தோட்டங்களும் சொல்லத் தொடங்கிய நேரம் அது. முதலாளி அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, "மாணிக்கம், இவன் பாஸ் பண்ணினா லொறி இவனுக்கு. இல்லாட்டி மூட்டை தூக்கத்தான் போடணும், நான் என்ன செய்ய?" என்று அவன் முன்னாலேயே என்னிடம் சொன்னார். செல்வராஜுக்கு ஏற்கெனவே முதுகில் கோளாறு. மூட்டை தூக்கினால் அவன் ஆறு மாதம் தாங்க மாட்டான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அவனுடைய கை சுத்தமான கை. பாரம் ஆடாமல் போய், சொன்ன இடத்தில் சத்தமில்லாமல் உட்காரும். கயிறு, கால், கட்டை, அட்டவணை எல்லாம் பிழையில்லாமல் செய்தான். நான் மனசுக்குள் சான்றிதழையே எழுதிவிட்டேன். அப்போது சேர் கத்தினார்.

"ஏய் செல்வராஜ்! என்ன பாத்துக்கிட்டு இருக்கிறது? அந்த மத்தச் சீமெந்துக் கட்டையையும் சேத்துத் தூக்கு! லொறி காத்துக்கிட்டு நிக்குது!"

"சரிங்க சேர்" என்றான் செல்வராஜ். கிரேனின் நெம்புகோலைத் தொடவும் சேர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். தோல்வி.

அவன் இறங்கி வந்து என்னைப் பார்த்தான், சேரைப் பார்த்தான். "நீங்கதானேங்க சேர் தூக்கச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னது. நீங்க ஏன் அதுக்குச் சரி சொன்னது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் போன பிறகு அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். "சேர், நீங்க வைக்கிறது கிரேன் பரீட்சை இல்ல. எங்க ஆளுகளோட பொழப்ப வச்சு விளையாடுறீங்க" என்றேன். அவர் உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. பெரட்டுக் களத்தைப் பற்றி அவருக்குச் சொன்னேன். காலையில் எல்லாரும் வரிசையாக நிற்க, வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அங்கே எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் அன்றைக்குப் பேர் கிடையாது, அதாவது வேலையும் கூலியும் கிடையாது. வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். முடியாது என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் ஒரு நாள் சோறு விலை. பிள்ளைக்கு நடை பழக்குவதற்கு முன்னாலேயே சரிங்க சொல்லப் பழக்கிவிடுவோம். அப்படி வளர்ந்தவனை ஒரே அதட்டலில் தோற்கடிப்பது என்ன நியாயம் என்று கேட்டேன்.

சேர் எல்லாவற்றையும் கேட்டார். "கையும் கண்ணும் சரியா இருக்கிற ஆளுங்க நெறைய இருக்காங்க, மாணிக்கம். கிரேன் கவுந்தா, அதட்டின ஆள் அடியில இருக்க மாட்டாரு. சரிங்க சொன்ன ஆள்தான் இருப்பாரு" என்றார். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

சனிக்கிழமைகளில் செல்வராஜை வரவழைத்துப் பழக்கினேன். நான் தோட்டத்துத் துரை மாதிரி இடுப்பில் கை வைத்து அதட்டுவேன், அவன் முடியாது என்று சொல்ல வேண்டும். என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்துவிடுவான். சிரிப்பை அடக்கினால், "பாப்போங்க" என்பான். "செய்யலாந்தாங்க, ஆனா..." என்பான். அந்த ஒரு சொல் மட்டும் வராது. இரண்டாம் முறையும் தோற்றான். இந்த முறை சேர் பூமை நீட்டச் சொன்னார். "சரிங்க" என்று சொன்ன பிறகுதான் அவனுக்கே நினைவு வந்தது. தலையில் அடித்துக்கொண்டான்.

"வாயால வரலன்னா விடு. கையால சொல்லு. பாரத்த எறக்கு, எஞ்சின நிப்பாட்டு, சாவிய எடுத்துக்கிட்டு எறங்கிரு. அதுவும் பதில்தான்" என்றேன். அது செல்லுமா என்று சேரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, செல்லும் என்றார். அவனை எங்கள் முற்றத்தில் சோதிக்காமல் வேலைத்தளத்தில் வைத்துச் சோதியுங்கள் என்ற என் வேண்டுகோளுக்கும் ஒத்துக்கொண்டார்.

அப்படித்தான் மூன்றாம் பரீட்சை ஒரு தேயிலைத் தொழிற்சாலை முற்றத்தில் நடந்தது. கொழுந்து அரைக்கும் பழைய ரோலர் ஒன்றை விற்றிருந்தார்கள். முழுக்க வார்ப்பிரும்பு. முற்றத்தின் விளிம்பில் ஒரு கற்சுவர். சுவருக்குக் கீழே பாதை, வாங்கியவரின் லொறி அதில் நின்றது. பாதைக்கும் கீழே தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம். வாசலில் துணி காய்ந்தது, ஒரு பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ரோலரை முதலில் முற்றத்தின் மறுபக்கம் நகர்த்தி, அங்கே அடுக்கியிருந்த விறகை அகற்றி, பூமை அதிகம் நீட்டத் தேவையில்லாத அந்த இடத்திலிருந்து இறக்குவது என்று செல்வராஜ் திட்டம் போட்டிருந்தான். முழு நாள் வேலை.

கயிற்றில் பஞ்சைத் தடவினான். மண்ணைக் குத்திப் பார்த்தான். கட்டை போட்டான். ரோலரை நாலு விரல் தூக்கி நிறுத்தினான். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துத் துரை வந்தார். முகாமையாளர் என்று கடிதத்தில் எழுதுவோம், ஆனால் இன்றைக்கும் எங்களுக்குத் துரைதான்.

"என்னப்பா இது, வெறகு அடுக்குற வேலையா? பூமை நீட்டி நேரா கீழ லொறியில வை! ஒரே தூக்கு! சுருக்கா!"

அவ்வளவு தூரம் நீட்டினால் அந்தப் பாரம் அட்டவணைக்கு வெளியே. செல்வராஜுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் சேரைப் பார்த்தான். சேரின் முகத்தில் ஒன்றுமில்லை, ஆனால் கிரேனை நோக்கி ஓரடி எடுத்து வைத்திருந்தார். பூம் நீளத் தொடங்கினால் நிறுத்துவதற்காக. செல்வராஜ் லேசாகச் சிரித்தான். "ஒரு நிமிஷங்க தொரை" என்றான். ரோலரை இறக்கினான். எஞ்சினை நிறுத்தினான். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி, கையைக் கட்டி நின்றான்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "சேர்ட்டிபிகேட் வாறதுக்கு முந்தியே பயம் வந்துருச்சா? சரி, ஒன் முதலாளிகிட்ட பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று பங்களாப் பக்கம் போனார்.

செல்வராஜ் சேரிடம் வந்தான். முகமெல்லாம் சந்தோஷம். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க சேர். தொரை நெசமாவே கோவப்பட்ட மாதிரி இருந்துச்சு!"

"நான் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல்ல" என்றார் சேர்.

செல்வராஜ் என் பக்கம் திரும்பினான். "அண்ணே" என்றான் என்னிடம், "நெசத் தொரைகிட்டயா அண்ணே?" எனக்குச் சிரிப்பு வந்தது. சேர் சிரிக்கவில்லை. "பாஸ்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே அந்தத் தோட்டம், சான்றிதழைக்கூடக் கேட்காமல், மொனராகலையிலிருந்து வேறொரு பூம் லொறியை வரவழைத்தது. அதை ஓட்டியவன் துரை சொன்னபடி ஒரே தூக்கில் ரோலரைச் சுவருக்கு மேலால் கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. பண்டாரவளைவரை செய்தி வந்து, கடைத்தெருவில் செல்வராஜைக் கண்டால் கையைக் கட்டி நின்று காட்டினார்கள். அந்தத் தோட்டம் ஹனீபா முதலாளியின் லொறிகளை இனி உள்ளே விடுவதில்லை என்றது. "சேர்ட்டிபிகேட் எடுக்க அனுப்பினதும் நான், தோட்டத்த இழந்ததும் நான்" என்றார் முதலாளி. லொறியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு, செல்வராஜைக் கடைக்குள் ஆணி நிறுக்கவும் மூட்டை இறக்கவும் போட்டார்.

கொஞ்ச நாளில் அவன் பதுளைக்கு வந்தான். முதுகைப் பிடித்துக்கொண்டு படியேறினான். சான்றிதழைச் சேரின் மேசையில் வைத்தான்.

"இது எனக்கு வேணாங்க சேர். அன்னைக்கு அது பரீட்சைன்னு நெனச்சுத்தான் எறங்குனேன். நெசம்னு தெரிஞ்சிருந்தா தூக்கியிருப்பேன். அந்த ஆளு தூக்குனான், ஒன்னும் ஆகலியே. நான் சும்மா பயந்தாங்கொள்ளின்னு பேரு வாங்குனதுதான் மிச்சம்."

"நீங்க எறங்கினது சரி" என்றார் சேர். "ஏன் எறங்கினதுன்னு நாங்க பரீட்சை வைக்கிறதில்ல. எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டுதான் போனான். ஆனால் அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை. இந்தத் தொழிலில் இது ஒரு பெரிய கொடுமை. தூக்கிக் கவிழ்த்தவனுக்குத் தன் தப்புத் தெரியும். தூக்காமல் விட்டவனுக்குத் தான் செய்தது சரி என்று காட்ட ஒன்றுமே இருக்காது. நடக்காத விபத்தை யாருக்குக் காட்டுவது? அந்த நாட்களில் நானே சந்தேகப்பட்டேன். சும்மா இருந்தவனின் பிழைப்பில் நாங்கள் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று கிடந்து குமைந்தேன்.

அடுத்த பயிற்சிக் குழுவில் யோகன் என்று ஒருவன் வந்திருந்தான். மொனராகலைப் பக்கத்து லொறிக்காரன், வாட்டசாட்டமான ஆள், வகுப்பில் எப்போதும் பகிடிதான். தாங்குகால் பாடம் நடந்த அன்று மட்டும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். பாடம் முடிந்து எல்லாரும் தேநீருக்குப் போன பிறகு என்னிடம் வந்தான்.

"சேர், அந்த ரோலரத் தூக்குனது நான்தான்."

"தெரியும்பா. கெட்டிக்காரன்தான், ஒன்னும் ஆகலியே" என்றேன். என் குரலில் கசப்பு இருந்தது.

"ஆச்சுங்க சேர்." அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். "சொவத்துக்கு அந்தப் பக்கம் பூமை நீட்டுனப்ப, இந்தப் பக்கத்துக் கால் மண்ண விட்டுக் கெளம்பிருச்சு. ஒரு சாண் இருக்கும். கட்டை தனியா கெடந்துச்சு. எல்லாரும் ரோலரையே பாத்துக்கிட்டு நின்னாங்க, காலை நான் மட்டுந்தான் பாத்தேன். கீழ லயத்து வாசல்ல ஒரு பொம்பள நின்னு வேடிக்க பாத்துக்கிட்டு இருக்கு. ரோலர் லொறியில ஒக்காந்ததும் என் வண்டி பொத்துனு விழுந்துச்சு. தொரை கை தட்டுனாரு."

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல. சொன்னா மறுபடி வேலைக்குக் கூப்புடுவாங்களா? ஆனா தூக்கம் இல்லங்க சேர். கண்ண மூடுனா அந்தக் கால் கெளம்புது."

நான் அவனைத் திட்டவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை அவன் பார்த்துவிடுவான் என்று திரும்பிக்கொண்டேன். பிறகு அவன் கையைப் பிடித்து, "இத ஒருத்தன்கிட்ட சொல்லணும், என்னோட பண்டாரவளைக்கு வா" என்றேன். வருவான் என்று நினைக்கவில்லை. அன்று மாலை பஸ்ஸிலேயே வந்தான்.

கடையில் செல்வராஜ் தராசுக்குப் பக்கத்தில் நின்றான். முதலாளி மேசையில் இருந்தார். யோகன் முதலில் திக்கினான், பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னான். செல்வராஜ் கேட்டுக்கொண்டே கையிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டான். முடிந்ததும், "அந்தப் பொம்பளைக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது" என்றான் யோகன்.

முதலாளி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "யா அல்லா" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு செல்வராஜிடம், "அந்தத் தோட்டத்துல இருந்து நேத்து ஆள் அனுப்பினாங்க. இன்னொரு ரோலர் இருக்காம், மொனராகலை லொறி வர மாட்டேன்டு செல்லிட்டானாம்" என்றார். சொல் என்பது அவர் வாயில் செல் என்றுதான் வரும். யோகன் தரையைப் பார்த்தான். "லொறிய நீ எடு. போவியா?"

சரிங்க முதலாளி என்று அவன் சொல்லிவிடுவான் என்றே நினைத்தேன். இத்தனை நாள் அவன் காத்திருந்தது அந்த லொறிக்காகத்தானே.

"போறேங்க" என்றான் செல்வராஜ். "ஆனா எடத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன், தூக்க முடியுமா முடியாதான்னு. முடியாதுன்னா முடியாதுதாங்க முதலாளி. இது பரீட்சை இல்லன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்."

முதலாளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத நீ தொரைகிட்ட செல்ல வாணாம்" என்றார். "சம்பளம் வாங்குறவன் ஏன் செல்லணும்? நான் செல்றன்." டெலிபோனை எடுத்துத் தோட்டத்து நம்பரைச் சுழற்றினார். நாங்கள் மூவரும் நின்றோம்.

"தொரை, ஹனீபா பேசுறன். லொறி வரும். நம்மட செல்வராஜ்தான் வருவாரு. எடத்தப் பாத்து அவர் முடியாதுண்டு சென்னா, அது நானே செல்ற மாதிரித்தான்."

அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. முதலாளி "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார். அவரும் அதற்கு முன் எந்தத் துரைக்கும் அப்படிச் சொன்னவர் இல்லை.

"விறக அவங்களே தள்ளி வைக்கிறாங்களாம்" என்றார். "காலையில போ."